காட்டிக்கொடுத்த மாசானமுத்து

அரசாணையில் எங்கள் பிரிவின் பெயர் ஒப்பெயர் ஆய்வுப் பிரிவு. அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேய் பிரிக்கிற செக்‌ஷன் என்று கேட்டால்தான் பியூனுக்கே வழி தெரியும்.

இந்த வேலை எப்படி முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். பேசும் உருக்கள் வந்த புதிதில் ஒவ்வோர் ஊரும் தன் பெரிய மனிதர்களை எழுப்பி நிறுத்த ஆசைப்பட்டது. இறந்துபோன ஒருவர் எழுதியது, பேசியது, அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னது, கோர்ட்டுக் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு என எல்லாவற்றையும் இயந்திரத்துக்குள் கொட்டினால், அது ஆள் உயரக் கண்ணாடிக்குள் அவரைக் கொண்டுவந்து நிறுத்தும். கேட்டால் பதில் சொல்வார். உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதையே சொல்வார் என்பது எங்கள் துறையின் உறுதிமொழி. சிக்கல் எங்கே வந்தது என்றால், நம் பக்கத்தில் பெரிய மனிதர்களுக்குப் பஞ்சமில்லை, பெயர்களுக்குத்தான் பஞ்சம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்தே நானூறு வருஷத்தை நாற்பது பெயர்களில் ஓட்டிவிட்ட சனம் நாம்.

ஓர் ஊரில் குப்புசாமி என்று ஓர் உருவைத் திறந்தார்கள். தோள்வலிக்கு மருந்து கேட்டு வந்தவரிடம் அது முதலில் எண்ணெய் தடவச் சொன்னது. பிறகு எதிராளியின் கழுத்தை இடது கையால் வளைக்கச் சொன்னது. கடைசியில் சுருதியை நாலரைக் கட்டையில் வைத்துக்கொள்ளச் சொன்னது. அந்த ஊரில் குப்புசாமி என்று ஒரு ரண வைத்தியரும், ஒரு பயில்வானும், ஒரு ஆர்மோனியக் கலைஞரும் இருந்திருக்கிறார்கள். மூவரையும் பிரித்து நிறுத்தியது நான்தான். பயில்வானுக்கு இன்றும் கூட்டம் அள்ளுகிறது. ஆர்மோனியக்காரர் பக்கம் ஈ காக்கை இல்லை.

என் பெயர் பாக்கியசீலி. திருநெல்வேலிக் கிளையில் பன்னிரண்டு வருஷமாகப் பேய் பிரிக்கிறேன். இதுவரை நான் தவறாகச் சேர்த்தது ஒரே ஒருமுறைதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் போகாத கிரீஸ் கறை. தூத்துக்குடியில் போட் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர், பெயர் ஆறுமுகநயினார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, கையில் இருந்த மனுவைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒங்க உரு ஒண்ணு எங்கப்பா மாதிரி பேசுதும்மா," என்றார்.

"எந்த உருங்கய்யா?"

"வேம்படித்துறை மாசானமுத்து."

"தியாகி மாசானமுத்துவா? அவரா உங்கப்பா?"

"அவரு எங்க பெரியப்பா முறை. எங்கப்பாவும் மாசானமுத்துதான். ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா. அண்ணன் வீட்டு மூத்த மகனுக்கும் தம்பி வீட்டு மூத்த மகனுக்கும் தாத்தா பேரையே வச்சிட்டாக." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கப்பாவ ஊருல காட்டிக்கொடுத்த மாசானமுத்துன்னு சொல்லுவாக. ஒங்க ஃபைல்லயும் அப்படித்தான் இருக்கும்."

இருந்தது. 1948இல் வேம்படித்துறை உப்பளத்தில் பெரிய வேலைநிறுத்தம். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று தீப்பிடித்தது. தலைவர் மாசானமுத்துவைத் தேடிவந்த போலீஸ், எந்த மாசானமுத்து என்று தெரியாமல், உப்பளக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த தம்பி மாசானமுத்துவையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் ஒரு வாக்குமூலம். அதில் பதினோரு தொழிலாளிகளின் பெயர்கள், கீழே மாசானமுத்து என்று ஒரு கையெழுத்து. மூன்றாம் நாள் குமாஸ்தாவை விட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் தலைவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பதினோரு பேரும் சிறைக்குப் போனார்கள், மூன்று பேர் திரும்பவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று ஊர் கூடி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உயிரோடு திரும்பி வந்தவன்தான்.

"பேர் குழப்பம் எதுவும் இல்லைங்கய்யா," என்றேன். "உங்கப்பாவைப் பற்றி எங்ககிட்ட ஒரே ஒரு வரிதான் இருக்கு. மத்ததெல்லாம் தியாகியோடது. நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டது."

"அப்போ அந்த உரு வாரவங்ககிட்ட எல்லாம் கால் எப்படியிருக்குன்னு கேக்குதே, அது எங்கிருந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியும். அந்த உருவை ஊர் விரும்பியதற்குக் காரணமே அதுதான். பழைய ஒலிநாடா ஒன்றில் தியாகியின் மனைவி பேசியிருந்தார். உப்பளத்தில் நின்று நின்று பாதம் வெடித்து வரும் தன் காலை, கதவைச் சாத்திவிட்டு, மடியில் எடுத்து வைத்து, வெடிப்பில் சிக்கிய உப்புக் கல்லைக் கணவர் ஊசியால் எடுத்துவிடுவார் என்றும், முதலில் கேட்பதே கால் எப்படியிருக்கு என்றுதான் என்றும் சொல்லியிருந்தார்.

"தியாகியோட மனைவி சொன்னது," என்றேன்.

"எங்கம்மா சொன்னதும்மா அது. சீனியம்மான்னு பேரு. ஊசியால எடுக்கத நான் கதவு இடுக்கு வழியாப் பாத்திருக்கேன்." குரல் உயரவில்லை. "எங்கப்பா துரோகியாவே இருந்துட்டுப் போகட்டும். அத மாத்தச் சொல்லி வரல. ஆனா எங்கம்மா அவரப் பத்திச் சொன்ன வார்த்தையத் தூக்கி இன்னொருத்தருக்குக் குடுத்துட்டீங்களே. எங்கப்பாவப் பத்தி இந்த ஒலகத்துல நல்லதாச் சொன்ன ஒரே ஆளு அவதான்."

மனுவை மேசையில் வைத்துவிட்டு அவர் போன பிறகு, நாடாவைத் திரும்பக் கேட்டேன். தொண்ணூற்று நான்கு நிமிஷம். 1985இல் ஒரு கல்லூரிப் பேராசிரியர் உப்பளப் பாட்டுகளைச் சேகரித்தபோது பதிவு செய்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'மாசானமுத்து அவர்களின் மனைவி' என்று இருந்தது. அவள் பெயரை அவர் கேட்கவில்லை. அவளோ தொண்ணூற்று நான்கு நிமிஷத்தில் ஒருமுறை கூட மாசானமுத்து என்று சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? புருஷன் பெயர். மாமனாரைப் பெற்றவர் பெயர். மூத்தார் பெயர். அந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டவள் அந்தப் பெயரை எந்தப் பக்கத்திலிருந்தும் தொட முடியாது. 'அவுக' என்றாள், 'மூத்தவுக' என்றாள். இரண்டு சொல்லும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று இயந்திரம் முடிவு கட்டி, பிரபலமான ஆளின் கணக்கில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. பிரபலமானவர்கள் பக்கம் காகிதம் தானாகவே சாயும், இது எங்கள் தொழிலில் பாலபாடம். இயந்திரத்துக்குத் தெரியாதது சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அம்மா அப்பாவைக் கூப்பிட நாற்பது வருஷம் இருமியே காலம் தள்ளினாள். கல்லறையில் பெயர் பொறிக்கும்போதுதான், கொத்தனார் கேட்டதற்கு, என்னைச் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினாள். அந்த வீட்டில் வளர்ந்தவள் இந்த நாடாவைக் கேட்டுவிட்டு, ஒருவரே என்று சீல் குத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

நாடாவின் நடுவில் நாலு நிமிஷத்தை இயந்திரம் 'முரண், பயன்படாது' என்று ஒதுக்கி வைத்திருந்தது. அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"பேரு ஒண்ணுல்லா, எந்த ஆளுன்னு தெரியாம ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போயிட்டானுவ. மூத்தவுகளப் போட்டு அடிச்சிருக்கானுவ. ரெண்டா நாளு தாங்க முடியல, பதினோரு பேரையும் சொல்லிட்டாக. அவுக அடுத்த ரூமுல இருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்காக. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாக. ஊருல என்னயத்தான் சொல்லுவானுவ, நீ வாயத் தொறக்காதன்னாக. ஏன் இப்படின்னு கேட்டேன். மூத்தவன் பொண்டாட்டி ஏழு மாசம், பொறக்குறது காட்டிக்கொடுத்தவன் பிள்ளையாப் பொறக்க வேண்டாம், நமக்குத்தான் பிள்ள குட்டி இல்லையேன்னாக."

பேராசிரியர் உம் கொட்டினார். பிறகு, "அந்த வரப்பு மிதிக்கிற பாட்டு இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார். அவர் பாட்டுக்கு வந்தவர். அவளும் பாடினாள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

சென்னையில் இருக்கும் எங்கள் இயக்குநர் வாசவனுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். அவருடைய நல்ல குணம் அது.

"ஞாயித்துக்கிழமை திறப்பு விழாம்மா. மந்திரி வர்றார்."

"தெரியும் சார்."

"தியாகிகிட்ட இருந்து அந்த நாடாவை எடுத்தா மிச்சம் என்ன இருக்கும்?"

"மூணு மேடைப் பேச்சு, போலீஸ் சுருக்கெழுத்தில. பதினோரு பக்க கேஸ் கட்டு. அப்புறம் அந்த வாக்குமூலம்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "ஒரு செவிவழிப் பேச்சை வெச்சு ஒரு தியாகியைக் கவிழ்க்க முடியாது. ரெண்டு தனித்தனி ஆதாரம் வேணும். ரெண்டு பக்க வாரிசும் கையெழுத்துப் போடணும். தியாகிக்கு ஒரு பொண்ணு இருக்காங்கல்ல? அவங்க போடுவாங்களா?"

போட மாட்டார் என்று நான் நினைத்தேன். அவருக்கும் அதே எண்ணம்தான். அந்த நம்பிக்கையில்தான் போய்ப் பார்க்க அனுமதி கொடுத்தார்.

புதன்கிழமை வேம்படித்துறைக்குப் போனேன். உப்பளக் கம்பெனியின் பழைய ஆபீஸ் கட்டடத்தைத்தான் நினைவு மண்டபமாக மாற்றியிருந்தார்கள். வெளியே பெயின்ட் வாசனை, உள்ளே சோதனை ஓட்டத்துக்காக ஒரு மாதமாக உரு ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம். தியாகியின் மகள் உலகம்மாள் தினமும் பத்து மணிக்கு வருவார் என்று காவலாளி சொன்னார்.

உலகம்மாளுக்கு எண்பத்து மூன்று வயது. தியாகி வாரிசு என்று தபால் ஆபீஸில் வேலை கிடைத்து, முப்பத்தைந்து வருஷம் சீல் குத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிமிர்ந்த முதுகு, கஞ்சி போட்ட சேலை. கண்ணாடிக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அப்பாவோடு ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், இது உங்கள் அப்பாவின் பேச்சு இல்லை என்று எப்படித் தொடங்குவது? தூணுக்குப் பின்னால் நின்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"கால் எப்படியிருக்கு தாயி?" என்றது உரு.

"இருக்கு. வெடிப்பெல்லாம் ஆறிட்டு," என்றார் உலகம்மாள். "நேத்துச் சொன்னதுக்கு நீங்க பதிலே சொல்லல, சித்தப்பா."



கண்ணாடிக்குள் நின்றது தியாகியின் முகம், தியாகியின் தோள்துண்டு. அதைப் பார்த்து அவருடைய மகள் சித்தப்பா என்கிறாள். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"பிரிக்கிறவளா நீ. வந்து சேந்துட்டியா," என்றார். "சேத்தது யாரு?"

"நான்தாம்மா."

"நல்லாப் பாத்த போ."

வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதும்மா?"

"எனக்கு ஏழெட்டு வயசு. பள்ளிக்கூடத்துக்கு உப்பளத்து ரோட்டுலதான் போகணும், காலுக்கு ஒண்ணும் கெடையாது. இந்த மனுசன் எதுக்க வந்து, கால் எப்படியிருக்கு தாயின்னு கேட்டாரு. அவரப் பாத்தா காறித் துப்பணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்திருந்தா. துப்பினேன்." அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மறுநாளு எங்க வீட்டுச் சுவருல ஒரு சோடி டயர் செருப்பு இருந்துச்சு, என் காலு அளவுக்கு. அம்மா எடுத்து ஓடையில வீசிட்டா. போன மாசம் இங்கன வந்து நின்ன உடனே இது அதே கேள்வியக் கேட்டுச்சு. எங்கப்பாவுக்கு எங்கால எப்படித் தெரியும்?"

"உங்கப்பா பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"வாக்குமூலம் எங்கப்பாதான் குடுத்தாரு. அதான சொல்ல வந்த?"

தலையை ஆட்டினேன்.

"ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அடிக்கு ஆத்தாம சொல்லிட்டேன்னு அழுதாராம். அம்மா அத எங்கிட்ட சொன்னது தொள்ளாயிரத்து எண்பத்து மூணுல, சாகதுக்கு ரெண்டு நாளு முன்ன. அதுக்குள்ள சித்தப்பா போயி நாலு வருசம் ஆயிட்டு." அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அவளுக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் என்னத் துப்பச் சொல்லியிருக்கா. நான் துப்பத் துப்பத்தான் எங்கப்பா தியாகியா நிப்பாரு. அந்த மனுசனும் தொடச்சிக்கிட்டுப் போனாரு. நான் தியாகி மகள்னு வேலைக்குப் போயி, சம்பளம் வாங்கி, பென்சனும் வாங்கிட்டேன். அவரு மகன் பதினேழு வயசுல ஊர விட்டு ஓடுனான்."

"இத்தனை வருஷம் வெளியே சொல்லலையே, ஏம்மா?"

"தைரியம் இல்ல," என்றார் நேராக. "அதுக்கு வேற பேரு வைக்க வேண்டாம். இங்கன வந்து தெனமும் மன்னிப்புக் கேக்கேன். இது சிரிச்சிட்டுக் கெடக்கு. பேப்பரக் கொண்டா, கையெழுத்துப் போடுதேன்."

எனக்கு இரண்டாவது ஆதாரம் கிடைத்துவிட்டது. இரண்டு வீடு, இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் பேசாமல் செத்துப்போனவர்கள், ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நயினாரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு ஒரு நல்ல வார்த்தை கேட்டு வந்தவரிடம், உங்கள் அப்பா குற்றமே செய்யவில்லை என்று சொல்வது லேசான காரியம் என்று தோன்றும். அப்படியில்லை.

வெள்ளிக்கிழமை இருவரையும் மண்டபத்தின் பின்னறையில் உட்கார வைத்து, அந்த நாலு நிமிஷத்தைப் போட்டேன். நயினாரும் உலகம்மாளும் நேருக்கு நேர் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. அம்மாவின் குரல் வந்ததும் நயினார் கண்ணை மூடிக்கொண்டார். 'நமக்குத்தான் பிள்ள குட்டி இல்லையேன்னாக' என்ற இடத்தில் திறந்தார். பேராசிரியர் பாட்டுக் கேட்டதும் நிறுத்தினேன்.



"ஏழு வருசம் கழிச்சு நான் பொறந்தேன்," என்றார் நயினார். "அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா."

அவரே தொடர்ந்தார்.

"பள்ளிக்கூடத்துல எம் பெஞ்சுல எவனும் உக்கார மாட்டான். தங்கச்சிகள உள்ளூருல யாரும் கட்டல, வெளியூருல ரெண்டாந்தாரமாத்தான் குடுத்தோம். அவரு செத்தப்ப தூக்க நாலு ஆளு வரல, நானும் மூணு கூலிக்காரனும் தூக்குனோம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். இவங்களுக்குக் குடுத்தது சரி. எனக்கு உள்ளதையும் சேத்துல்லா எடுத்துக் குடுத்திருக்காரு." உலகம்மாளைப் பார்த்து, "ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா," என்றார். ஆனால் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

"இருந்தா என்ன, இருக்கட்டும்," என்றார் உலகம்மாள். "நான் கையெழுத்துப் போட்டாச்சு. எங்கிட்ட கேக்காமக் குடுத்தாரு. நான் திருப்பிக் குடுக்கேன். நீ வாங்கிக்க."

"இது எங்கப்பா எடுத்த முடிவு. நான் எப்படி மாத்த?"

"வேண்டாம்னா போ. திரும்பவும் என்னத் திருடியாவே விட்டுட்டுப் போ."

நயினார் அன்று கையெழுத்துப் போடவில்லை. விதிப்படி அவசரமும் இல்லை. பிரித்த உருவை வாரிசு நேரில் பார்த்துப் பேசி, 'இது என் தந்தையே என்று அடையாளம் காண்கிறேன்' என்ற படிவத்தில் கையெழுத்திட்டால்தான் பிரிப்பு செல்லும். மறுத்தால் பழையபடி ஒட்ட வைத்துவிட வேண்டியதுதான். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அப்பாவின் பழைய போட்டோ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெலிந்த முகம், பெரிய காது. ரேஷன் கார்டுக்காக எடுத்தது.

பிரிப்பு வேலை ஆறு மணி நேரம் பிடித்தது. சனிக்கிழமை பகலில் இரண்டு கண்ணாடிகளிலும் இரண்டு பேர் நின்றார்கள். தியாகி மாசானமுத்து சுருங்கிப் போயிருந்தார். மேடைப் பேச்சு வாக்கியங்களில் பேசினார், அதிகம் கேட்டால் மௌனமானார். உலகம்மாள் அவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்ன கேட்டார் என்று நான் காது கொடுக்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் அமைதியாகத்தான் இருந்தது. "பாவம், முப்பத்து மூணு வயசுதான," என்று மட்டும் சொன்னார்.

நயினார் மூன்று மணிக்கு வந்தார். திறப்பு விழாவுக்காக பெஞ்சுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள். மூவரும் குமாஸ்தா மாசானமுத்துவின் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். ரேஷன் கார்டு முகத்துக்கு உயிர் வந்ததும் நயினார் செருப்பைக் கழற்றினார்.

சோதனைக்கு மூன்று கேள்விகள் உண்டு. எல்லா உருக்களுக்கும் அதே மூன்றுதான்.

"உங்க பேர் என்ன?"

"மாசானமுத்து."

"எந்த ஊர்?"

"இந்த ஊருதான். இதே ஆபீசுலதான் வேல பாத்தேன்."

"உங்களைப் பத்தி இந்த ஊர் மறக்கக் கூடாதது எது?"

இந்தக் கேள்விக்கு உருக்கள் வழக்கமாகக் கொஞ்சம் பீற்றிக்கொள்ளும். குப்புசாமிப் பயில்வான் முக்கால் மணி நேரம் பேசினார். மாசானமுத்து யோசிக்கவே இல்லை.

"பதினோரு பேரு பேரையும் போலீசுல நாந்தான் சொன்னேன். மூத்தவன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. அத யாரும் மறந்துரக் கூடாது."

நான் கையிலிருந்த கருவியைப் பார்த்தேன். பிழை எதுவும் காட்டவில்லை. அந்த நாலு நிமிஷமும் உள்ளேதான் இருந்தது. அவர் அடுத்த அறையிலிருந்து கேட்டது, மனைவியிடம் சொன்னது, எடுத்த முடிவு, எல்லாம் இருந்தது. அதையெல்லாம் சேர்த்துத்தான் இயந்திரம் ஓர் ஆளைச் செய்திருந்தது. அந்த ஆள் ஊர் முன்னால் நின்றால் என்ன சொல்வாரோ அதைச் சொல்லிவிட்டது.

"பொய் சொல்லாதீங்க சித்தப்பா," என்றார் உலகம்மாள். "எங்கம்மா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா."

"புருசனப் பறிகுடுத்தவ, அழுத அழுகையில என்னத்தயாவது சொல்லியிருப்பா. அத நீ மனசுல போட்டுக்காத தாயி."

"நான் ஒங்க மேல துப்புனேன்."

"துப்பத்தான் செய்யணும்."

உலகம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மாதமாக அவர் கேட்ட மன்னிப்பு கிடைக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. கொடுக்க வேண்டிய ஆள், மன்னிக்க ஒன்றுமே நடக்கவில்லை என்று சாதிக்கிறார்.

எனக்கு அலுவலக மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பலகையில் உண்மையை எழுதி வைப்போம், பக்கத்தில் நின்று உரு அதை மறுக்கும், வருகிற ஜனம் எதை நம்பும்? வாசவன் சார் என்னை உரித்துவிடுவார். "மன்னிச்சிருங்கய்யா," என்றேன் நயினாரிடம். "இதைச் சரிபண்ணிடலாம். அந்த நாலு நிமிஷத்துக்கு முக்கியத்துவம் கூட்டி வெச்சா உண்மையைச் சொல்ல வெச்சிடலாம். ஒரு மணி நேரம் கொடுங்க."

நயினார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கண்ணாடிக்கு அருகில் போனார்.

"அப்பா, நான் நயினாரு."

உரு அவரை மேலும் கீழும் பார்த்தது. நாடாவில் மகனைப் பற்றி அம்மா நிறையவே சொல்லியிருந்தாள்.

"தல நரச்சுப் போச்சேடா."

"வயசாயிட்டுப்பா. எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னீங்களா, பெரியப்பா சொன்னாரா?"

மாசானமுத்து மகனைப் பார்த்தார். நான்கைந்து வினாடி இருக்கும். அது இயந்திரம் தேடுகிற நேரம்தான் என்று எனக்குத் தெரியும்.  பிறகு அவர் பார்வை நயினாரைத் தாண்டி, பின்னால் நின்று அழுதுகொண்டிருந்த உலகம்மாள் மேல் போனது.

"அக்கா எம்புட்டு நேரமா நிக்கா, பாரு," என்றார். "போயி ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்து போடு."

நயினார் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் உடைந்து கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. வெளியே போய், விழாப் பந்தலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, உலகம்மாளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒண்ணும் சரிபண்ண வேண்டாம்மா," என்றார் என்னிடம். படிவத்தை வாங்கி, நாற்காலியின் கைப்பிடியில் வைத்து, கையெழுத்துப் போட்டார். "எங்கப்பாவேதான்."